அம்மா மேல எக்ஸ்பார்ட்டி டிக்ரி, இ.பி. நோட்டீஸும் வந்துட்டு, செட் அசைடு போட முடியுமா? (அம்பை கோர்ட்)

கல்லிடை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு கல்லிடைக்குறிச்சி, இப்ப சென்னை அம்பத்தூர்ல வேலை பாக்கேன். எங்கம்மா பேர்ல அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்ல ஒரு பணக் கேஸ் நடந்து, அம்மா வராமலே ஒருதலையா டிக்ரி (அதான் எக்ஸ்பார்ட்டி) ஆகி முடிஞ்சே போச்சாம், எங்க வீட்ல யாருக்குமே தெரியாது. போன திங்கக்கெழம அமீனா வந்து இ.பி. நோட்டீஸ்னு, அதாவது டிக்ரிய நிறைவேத்தக் கேக்குற மனுவோட நோட்டீஸ்னு, ஒரு பேப்பர குடுத்து கையெழுத்து வாங்கிட்டு போயிருக்காரு, அதப் பாத்துதான் 2024லயே டிக்ரி ஆன விஷயம் தெரியுது. அம்மா போன்ல பேச முடியாம அழுதாவ, நான் அன்னைக்கு ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வந்துட்டேன்.

2019ல அக்கா கல்யாணத்துக்கு பக்கத்து ஊர்ல பைனான்ஸ் பண்ற ஒருத்தர்ட்ட 45 ஆயிரம் வாங்குனோம், புரோநோட்டுல கையெழுத்து போட்டது அம்மா. அப்பாதான் மாசாமாசம் கட்டுனாவ, முதல்ல கையில ரொக்கமா, கடைசி பக்கம் ஜிபேல அவரு மகன் நம்பருக்கு. 2022 தொடக்கத்துல எல்லாம் முடிஞ்சுட்டுன்னு அப்பா வீட்ல சொன்னாவ. நோட்ட திருப்பிக் கேட்டதுக்கு பீரோ சாவி இல்ல பொறவு தாரேன்னு சொல்லி அனுப்பிட்டாராம். அந்த வருஷம் ஆவணியில அப்பா தவறிட்டாவ, அதோட அந்தப் பேச்சும் நின்னு போச்சு. அப்பா டைரில தேதி போட்டு குடுத்த பணம் எழுதி வச்சிருக்காவ, அது மட்டும் கையில இருக்கு.

2023ல அக்கா பிரசவத்துக்குன்னு அம்மா திருப்பூர் போனாவ, போன இடத்துல அம்மாவுக்கே கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிட்டு, ரொம்ப நாளு அங்கயே இருக்க வேண்டியதாப் போச்சு. இங்க வீடு பூட்டித்தான் கெடந்துச்சு. கேஸ் போட்டது, சம்மன் அனுப்புனது எல்லாம் அந்த நேரத்துலதான்னு இப்ப கணக்கு பாத்தா தெரியுது. டிக்ரி வட்டி செலவோட சேத்து 80 ஆயிரத்துக்கு பக்கத்துல வருது.

அம்மா அப்பளம் போட்டுத்தான் ஜீவனம் பண்ணுதாவ, வீட்ல ஒரு சின்ன அப்பள மெஷின் இருக்கு. அந்த பைனான்ஸ்காரரோட ஆளு தெருவுல நின்னு 'மெஷின தூக்கிருவோம், இல்லன்னா ஒங்கம்மா ஜெயிலுக்குத்தான் போவணும்'னு சத்தம் போட்டுட்டு போயிருக்கான். அம்மா அதுக்கப்புறம் சோறே சரியா சாப்பிடல.

கட்டுன பணத்த ரெண்டாவது தடவ கட்டச் சொல்லுதாவ, டிக்ரிய ரத்து பண்ணி (செட் அசைடு) இத மறுபடி விசாரிக்கச் சொல்லி கேக்க முடியுமா? டிக்ரி பணம் முழுசையும் மொதல்ல கோர்ட்ல கட்டுனாத்தான் மனுவையே வாங்குவாவன்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தர் சொல்லுதாரு, அது நெசமா? இ.பி. வாய்தா அடுத்த மாசம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, கோர்ட் பக்கமே போகாத குடும்பம் எங்களுது.


பாளை_குமாஸ்தா:

தம்பி, முதல்ல அம்மாவ சாப்பிடச் சொல்லு. இது பாளை கோர்ட்லயும் அம்பைலயும் நித்தம் நடக்குற விஷயம், வழி இருக்கு. நான் வக்கீல் குமாஸ்தாவா ரொம்ப காலம் இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்லுதேன்.

அந்த நோட்டீஸ்ல கேஸ் நம்பர் எப்படி போட்டிருக்குன்னு பாரு. ஓ.எஸ். அதாவது அசல் வழக்குன்னு இருக்கா, இல்ல ஸ்மால் காஸ் அதாவது சிறு வழக்குன்னு இருக்கா? நம்ம பக்கம் சிறு வழக்குக்குன்னு தனிக் கோர்ட் கெடயாது, முன்சீப்புக்கும் சப் ஜட்ஜுக்கும் அந்த அதிகாரத்த சேத்து கொடுத்திருப்பாவ, அதனால ஒரே கட்டடம் ஒரே ஜட்ஜா இருந்தாலும் நம்பர வச்சு சட்டம் மாறும். பஸ் ஸ்டாண்டுல அந்த ஆளு சொன்னது சிறு வழக்குக்கு சரி. 1887ம் வருஷத்து மாகாண சிறுவழக்கு நீதிமன்றச் சட்டம் 17வது பிரிவுல ஒரு நிபந்தனை இருக்கு, எக்ஸ்பார்ட்டி டிக்ரிய ரத்து பண்ணச் சொல்லி மனு போடுறவன் மனு போடும்போதே டிக்ரி பணத்த கட்டணும், முடியலன்னா செக்யூரிட்டி தாரேன்னு அதுக்கு முன்னாடியே தனி மனு போட்டு கோர்ட் சொல்ற மாதிரி ஜாமீன் கொடுக்கணும். இது கட்டாயம்னு 2002ல சுப்ரீம் கோர்ட்டே கேதார்நாத் கேஸ்ல சொல்லிட்டு. இத கவனிக்காம மனு மட்டும் போட்டு, உள்ள எவ்வளவு நியாயம் இருந்தும், பணம் கட்டலங்கிற ஒரே காரணத்துல தள்ளுபடி ஆனதெல்லாம் நான் பாத்திருக்கேன். மனசு கெடந்து அடிச்சிக்கும்.

ஓ.எஸ்.னா அந்தக் கட்டாயம் இல்ல. ஆனா ஜட்ஜு விருப்பப்பட்டா பாதி கட்டு கால்வாசி கட்டுன்னு கண்டிஷன் போடலாம். அதனால நம்பர பாத்துட்டு வந்து சொல்லு. போன்ல இ-கோர்ட்ஸ் ஆப் இருந்தா அம்மா பேர போட்டு தேடு, இல்ல 16 எழுத்து சிஎன்ஆர் நம்பர் (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள நம்பர்) நோட்டீஸ்ல இருந்தா அத அடி, எந்தத் தேதில சம்மன் போச்சு, எந்தத் தேதில எக்ஸ்பார்ட்டி ஆக்குனாவன்னு எல்லா வாய்தாவும் அதுல வரும்.


நெல்லை_அட்வகேட்:

குமாஸ்தா அண்ணாச்சி சொன்னது சரியான இடம். நான் மேல கொஞ்சம் சேக்குறேன்.

அசல் வழக்குன்னு வச்சுக்கிட்டா நீங்க போக வேண்டியது சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13. அதுல ரெண்டே கேள்விதான், சம்மன் முறையா சேரலையா, இல்ல சேந்தும் வர முடியாத அளவுக்கு நியாயமான காரணம் இருந்துச்சா. ரெண்டுல ஒண்ண காட்டுனா போதும். இங்கதான் நிறைய பேரு தடுமாறுறாங்க தம்பி, அபிடவிட்ட (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குற வாக்குமூலம்) பக்கம் பக்கமா 'நான் கடன கட்டிட்டேன் கட்டிட்டேன்'னு எழுதி ரொப்பிட்டு, ஏன் அன்னைக்கு கோர்ட்டுக்கு வரலங்கிறத ஒரே வரில முடிச்சிருவாங்க. ஜட்ஜு அந்தக் கட்டத்துல கேக்குறது நீ ஏன் வரல, எப்ப தெரிஞ்சுது, தெரிஞ்ச உடனே என்ன செஞ்ச, இந்த மூணும்தான். கடன் கட்டுன கதைய சுருக்கமா சொல்லி, இந்தப் பக்கமும் பேச விஷயம் இருக்குன்னு காட்டுனா போதும், அதோட முழு விசாரணை டிக்ரி ரத்தானதுக்கு அப்புறம் வரும்.

காலக்கெடு 30 நாள். லிமிடேஷன் சட்டம் ஷரத்து 123, சம்மன் ஒழுங்கா சேந்திருந்தா டிக்ரி தேதில இருந்து 30 நாள், சேரலைன்னா டிக்ரி பத்தி தெரிஞ்ச தேதில இருந்து 30 நாள். உங்களுக்கு இ.பி. நோட்டீஸ் கைக்கு வந்த அந்த திங்கக்கிழமைதான் தெரிஞ்ச தேதி, அதனால அந்த நோட்டீஸயும் அதுல போட்ட தேதியையும் பத்திரமா வைங்க. பேப்பர்ல விளம்பரம் கொடுத்து சம்மன் சார்பு (ஆளுக்கு சேக்குறது) பண்ணிருந்தா அத இந்தக் காலக்கெடு கணக்குக்கு முறையான சார்பா எடுத்துக்க மாட்டாங்க, சட்டத்துலயே விளக்கம் இருக்கு. ஆனாலும் எதிர்த்தரப்பு 'சம்மன் ஒழுங்காத்தான் சேந்துச்சு'ன்னு வாதாடுவாங்க, ஜட்ஜு அத ஏத்துக்கிட்டா நம்ம மனு காலம் கடந்ததாயிரும், அதுக்காக 5வது பிரிவுல தாமதத்த மன்னிக்கச் சொல்ற மனுவையும் சேத்தே போட்டுருங்க. ரெண்டு மனு போட்டா நம்ம பேச்சு முரண்படுமேன்னு சிலபேரு நெனைப்பாங்க, அப்படி இல்ல, 'ஒருவேளை கோர்ட் தாமதம்னு கருதினால்'னு எழுதுறதுதான் வழக்கம்.

இன்னொரு முக்கியமான விஷயம், செட் அசைடு மனு போட்டுட்டதாலயே இ.பி. நிக்காது. அதுக்கு தனியா ஸ்டே மனு போடணும். இ.பி. வாய்தா அன்னைக்கும் ஆஜராகி, இந்த மாதிரி மனு நிலுவைல இருக்குன்னு சொல்லணும், அங்க போகாம விட்டா அங்கயும் எக்ஸ்பார்ட்டி ஆகி ஜப்தி ஆர்டர் ஆயிரும்.

அப்பீல் போகலாம்னு யாராவது சொன்னா அவசரப்படாதீங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 96(2)ல அப்பீல் உரிமை இருக்கு, ஆனா அந்த அப்பீல் தள்ளுபடி ஆயிட்டா அதுக்கப்புறம் ரூல் 13 மனு போட வழியில்லாம போயிரும். உங்க விஷயத்துல சம்மன்தான் பலமான புள்ளி, அதனால முதல்ல ரூல் 13.


வள்ளியூர்_ஸ்டோர்:

நான் வேற மாதிரி நெனைக்கேன், கோவப்படாதீங்க. எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரி ஆச்சு. மனு போட்டாரு, ஏன் வரலன்னு கேட்ட இடத்துல மஞ்சக்காமாலை வந்து படுத்துட்டேன்னு எழுதி வச்சிருந்தாவ, ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணும் இல்ல. அந்தக் கோர்ட்டுக்கு வர்ற எல்லா அபிடவிட்லயும் மஞ்சக்காமாலைதான் இருக்கும்போல, எதிர்ப்பக்க வக்கீல் குறுக்கு விசாரணைல எந்த டாக்டர் எந்த மாசம்னு கேட்டதும் சித்தப்பாவுக்கு பதில் வரல, மனு தள்ளுபடி. இத்தனைக்கும் அவருக்கு நெசமாவே வேற ஒரு காரணம் இருந்துச்சு, கடை சரக்கு எடுக்க பம்பாய் போயிட்டு அங்கயே மாட்டிக்கிட்டாரு, ரயில் டிக்கெட்டு கூட இருந்துச்சு, அத எழுதாம எழுதிக் குடுத்தவங்க வழக்கமா எழுதுறத எழுதிட்டாங்க.

அப்புறம் இழுத்த இழுப்புல வட்டிதான் ஏறுச்சு. அதனால நான் சொல்றது, 80 ஆயிரம்னா அந்த ஆளக் கூப்பிட்டு ஒரு 50க்கு பேசி முடிச்சிருங்க. அம்மா நிம்மதிதான பெருசு. வக்கீல் பீஸ், லீவு, ரயிலு செலவு எல்லாம் கணக்கு போட்டுப் பாருங்க.


தாமிரபரணி_மகள்:

வள்ளியூர் அண்ணாச்சி, நீங்க நல்ல மனசோடதான் சொல்லுதீங்க, ஆனா கட்டி முடிச்ச கடனுக்கு மறுபடி 50 ஆயிரம் குடுன்னு ஒரு விதவைப் பொம்பளைக்கு சொல்ல எனக்கு மனசு வரல. அப்பளம் போட்டு அந்த 50 ஆயிரத்த சேக்க எத்தன மாசம் முதுகு வளையணும்னு எங்க தெருவுல பாத்தவ நானு. நம்ம மாவட்டத்துல வட்டிக்கொடுமை எங்க கொண்டு விட்டுச்சுன்னு 2017ல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பமே தீக்குளிச்சப்ப எல்லாரும் பாத்தோம். பயத்துல குடுக்குறது வேற, மனசு ஒத்து முடிக்கிறது வேற.

தம்பி, ஒங்கம்மாகிட்ட இத நீயே உக்காந்து நிதானமா சொல்லு. பணக் கடன் டிக்ரிக்காக ஒரு பொம்பளைய கைது பண்ணவோ சிவில் ஜெயில்ல வைக்கவோ கோர்ட் உத்தரவு போட முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் 56வது பிரிவு. அவன் தெருவுல நின்னு சொன்னது வெறும் மெரட்டல். அடுத்து, ஜப்தி பண்ண முடியாத சாமான்னு 60வது பிரிவுல இருக்கு, உடுத்துற துணி, சமையல் பாத்திரம், கட்டில் மெத்தை, தாலி மாதிரி சம்பிரதாயப்படி பொம்பளைங்க கழட்டக் கூடாத நகை, அப்புறம் கைத்தொழில் பண்றவங்களோட கருவி. அப்பள மெஷின் தொழில் கருவில வரும்னு வக்கீல் கோர்ட்ல எடுத்துச் சொல்லலாம், அதையும் மனுவுல எழுதச் சொல்லு. சூரியன் மறைஞ்சு மறுநாள் உதிக்கிற வரைக்கும் ஜப்திக்குன்னு வீட்டுக்குள்ள நுழையவும் கூடாது, 62வது பிரிவு. ராத்திரி யாராவது வந்து கதவத் தட்டுனா கோர்ட் ஆளுன்னு நம்பி தொறக்க வேண்டாம்.

பீஸ் பத்தி கவலைப்படாத. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச வக்கீல் கிடைக்கும், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12வது பிரிவு. அம்பை கோர்ட்லயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அம்மா ஆதார், நோட்டீஸ் ரெண்டையும் எடுத்துட்டு போய் ஒரு மனு எழுதிக் குடுத்தா போதும். போன்ல கேக்கணும்னா 15100. என் மைனி ஜீவனாம்ச கேஸுக்கு அப்படித்தான் வக்கீல் கெடச்சாவ, நல்லாவே நடத்துனாவ. இலவசம்னா ஏனோதானோன்னு இருக்கும்னு நெனைச்சு ஒதுக்கிராத.


கல்லிடை_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாமிரபரணி அக்கா சொன்னத அம்மாகிட்ட அப்படியே வாசிச்சுக் காட்டுனேன், ஜெயில் கெடயாதுன்னு கேட்ட பொறவுதான் அவிய மொகம் தெளிஞ்சுது.

குமாஸ்தா அண்ணாச்சி, நம்பர் ஓ.எஸ்.னுதான் இருக்கு. ஆப்ல பாத்தேன். 2023 ஐப்பசில கேஸ் போட்டிருக்காவ, முதல் சம்மன் திரும்பி வந்திருக்கு, ரெண்டாவது 'கதவில் ஒட்டப்பட்டது'ன்னு இருக்கு, அடுத்த ரெண்டு வாய்தால எக்ஸ்பார்ட்டி. அந்தத் தேதில அம்மா திருப்பூர்ல ஆஸ்பத்திரில இருந்த டிஸ்சார்ஜ் சம்மரி அக்காகிட்ட இருக்கு, ஆபரேஷன் தேதி எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா ஆதார், ரேஷன் கார்டு எல்லாமே கல்லிடைக்குறிச்சி விலாசம்தான், அது எங்களுக்கு பாதகமா ஆகுமா?

இன்னொரு சந்தேகம். நோட்டுக்குப் பின்னால 2021ல 'வட்டி வரவு ரூ.500'ன்னு எழுதி அம்மா கையெழுத்து இருக்கிறதா வழக்குல சொல்லிருக்காவ. அம்மா சத்தியமா அப்படி ஒரு கையெழுத்து போடலன்னு சொல்லுதாவ. புரோநோட்டுக்கு மூணு வருஷம்தான் ஆயுசுன்னு கேள்விப்பட்டேன், 2019 நோட்டுக்கு 2023ல எப்படி கேஸ் போட முடியும்?


பாளை_குமாஸ்தா:

விலாசம் பாதகம் இல்ல தம்பி. வீடு அங்கதான், ஆளு அன்னைக்கு அங்க இல்ல, அவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. வீட்ட மாத்திட்டோம்னு ஒரு வார்த்தை எழுதிராத, அப்படி எழுதுனா ஆதார காட்டி ஒன்ன பொய்யனாக்கிருவாவ. டிஸ்சார்ஜ் சம்மரிதான் ஒனக்கு பெரிய பலம், ஒரிஜினல பத்திரப்படுத்து.

நாளைக்கு வெள்ளனமே கோர்ட்டுக்கு போய் காப்பி அப்ளிகேஷன் போடு. பிராது (அவன் கேஸ் போட்ட மனு), தீர்ப்பு, டிக்ரி, புரோநோட்டு ரெண்டு பக்கமும், அப்புறம் முக்கியமா அந்த சம்மன் ரிட்டர்ன், அதுல அமீனா எழுதுன ரிப்போர்ட். இந்தக் கடைசிய நிறைய பேரு கேக்குறதே இல்ல. கதவுல ஒட்டுனா எப்ப ஒட்டுனேன், எந்தச் சூழ்நிலையில ஒட்டுனேன், வீட்ட யாரு அடையாளம் காட்டுனா, யாரு முன்னால ஒட்டுனேன்னு அவரு எழுதணும், ஆர்டர் 5 ரூல் 17. ஆளு கையெழுத்து போட மறுத்தாலோ, இல்ல தேடியும் ஆளு வீட்ல இல்ல, சீக்கிரம் திரும்பி வரவும் மாட்டாங்கன்னு தெரிஞ்சாலோதான் ஒட்டவே செய்யணும், தேடாம கொள்ளாம ஒட்டிட்டு போனா அது சரியான சார்பு ஆகாது. சாட்சின்னு யாரு பேரு இருக்குன்னு பாரு, அந்த ஆளு ஒங்க தெருக்காரரா, இல்ல பைனான்ஸ்காரரோட ஆளான்னு ஒனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஆளுங்க யாராவது 'அவிய அப்ப திருப்பூர்ல இருந்தாவ, வீடு பூட்டி கெடந்துச்சு'ன்னு சாட்சி சொல்ல வருவாவளான்னும் கேட்டு வை.

ஆனா ஒண்ணு. சம்மன்ல சின்னக் குறை இருக்குன்னு மட்டும் காட்டுனா பத்தாது, கேஸ் நடக்குறது வேற எந்த வழிலயாவது அம்மாவுக்கு தெரிஞ்சிருந்து, வர்றதுக்கு நேரமும் இருந்துச்சுன்னா ரத்து பண்ண மாட்டாவ. எதிராளி 'நான் போன்ல சொன்னேன், இவங்க வரல'ன்னு சொல்லுவான், அதனால அந்த மாசங்கள்ல அவன்கிட்ட இருந்து போனோ வாட்சப்போ வந்துச்சான்னு அம்மாகிட்ட நல்லா விசாரிச்சுக்கோ. வந்திருந்தா வக்கீல்கிட்ட மறைக்காத.


நெல்லை_அட்வகேட்:

ஆயுசு கேள்விக்கு. ஆன் டிமாண்ட் (கேட்டதும் பணம் தரணும்னு எழுதுன) புரோநோட்டுக்கு நோட்டு தேதில இருந்து மூணு வருஷம், அது சரி. பின்பக்கம் வரவு எழுதி கையெழுத்து இருந்தா அந்தத் தேதில இருந்து புதுசா மூணு வருஷம் ஓடும், அதுக்காகத்தான் ஒரு 500 ரூபா வரவு வைக்கிற பழக்கம் வட்டிக்காரங்ககிட்ட இருக்கு. அந்தக் கையெழுத்து அம்மாவோடது இல்லைன்னா அது பெரிய விஷயம், நிபுணர் ஒப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லி பின்னாடி மனு போடலாம்.

ஆனா இதையே நம்பி உக்காந்திராதீங்க. கொரோனா காலத்துல 15.3.2020ல இருந்து 28.2.2022 வரைக்கும் உள்ள நாள லிமிடேஷன் கணக்குல கழிக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கு. 2019 நோட்டுக்கு அந்த நாள கழிச்சுப் பாத்தா, பின்பக்க வரவு இல்லாமலே கூட 2023ல போட்ட கேஸ் காலத்துக்குள்ள வந்திரும். அதனால காலாவதி வாதத்த முதல் வாதமா வச்சா தோத்துப் போவீங்க, பணம் கட்டியாச்சுங்கிறதுதான் முதல் வாதம். ஜிபே போன பேங்க் கணக்குக்கு அந்தந்த வருஷத்து ஸ்டேட்மென்ட்ட பேங்க்ல சீல் வச்சு வாங்குங்க. அப்பா கணக்குன்னா வாரிசு சர்டிபிகேட், இறப்பு சர்டிபிகேட் கேப்பாங்க, இப்பவே அலைய ஆரம்பிச்சாத்தான் நேரத்துக்கு கிடைக்கும். டைரிய மட்டும் காட்டுனா நாமே எழுதிக்கிட்டதுன்னு சொல்லுவாங்க, டைரில உள்ள தேதியும் பேங்க்ல பணம் எடுத்த தேதியும் பொருந்தி வந்தா அதுக்கு மதிப்பு ஏறும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பட்டியல் போடுங்க.

முடிஞ்சா ரிட்டன் ஸ்டேட்மென்ட்டையும் (கேஸுக்கு நம்ம தரப்பு எழுத்து பதில்) இந்த மனுவோடயே தாக்கல் பண்ணிருங்க. இழுத்தடிக்க வரல, வழக்க நடத்தத்தான் வந்திருக்கோம்னு ஜட்ஜுக்கு அதுலயே புரியும்.

கந்துவட்டிச் சட்டம் 2003ல போலீஸ் புகார் கொடுக்கணும்னு தோணுனா, வாங்குன வட்டிக்கு ஆதாரம் இருந்தா தாராளமா கொடுக்கலாம், தெருவுல நின்னு மிரட்டுனதுக்கும் புகார் கொடுக்கலாம். ஆனா போலீஸ் புகார் கொடுத்துட்டோம்னு இங்க 30 நாள கோட்டை விட்டுறாதீங்க, அந்தப் புகாரு இ.பி.ய நிப்பாட்டாது.

வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன சமரசத்தையும் நான் ஒரேயடியா வேண்டாம்னு சொல்லல. ஸ்டே கைல இருக்கும்போது லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றம்) உக்காந்து பேசுறது வேற, நடுத்தெருவுல மெரட்டலுக்கு நடுவுல பேசுறது வேற. அங்க முடிச்சா அதுவே கோர்ட் டிக்ரி மாதிரி, நோட்டும் கையோட திரும்பி வரும், மேல அப்பீலும் கெடயாது. வெளிய பணம் குடுத்து முடிச்சா மறுபடியும் பீரோ சாவி கதைதான்.


வள்ளியூர்_ஸ்டோர்:

அது நெசம். எழுத்து இல்லாம குடுத்ததாலதான் இவ்வளவும். சித்தப்பா கேஸ மனசுல வச்சு பேசிட்டேன், தம்பி நீ மனுவே போடு. எழுதிக் குடுக்குறதுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் அம்மாவுக்கு தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லு, கூண்டுல நிக்கப் போறது அவியதான்.


கல்லிடை_பையன்:

எல்லாரும் விசாரிச்சிருந்தீங்க, அதான் அப்டேட் போடுதேன். சட்டப் பணிகள் குழு மூலமா அம்மாவுக்கு ஒரு வக்கீல் மேடம் கெடச்சிருக்காவ. ரூல் 13 மனு, தாமத மன்னிப்பு மனு, ஸ்டே மனு, ரிட்டன் ஸ்டேட்மென்ட் எல்லாம் 30 நாளுக்குள்ளயே தாக்கல் ஆயிட்டு. சம்மன் ரிப்போர்ட் காப்பி வந்துச்சு, அதுல சாட்சின்னு ஒரு கையெழுத்து இருக்கு, பேரும் இல்ல விலாசமும் இல்ல. மேடம் அதப் பாத்ததும் இதுவே முக்கால்வாசி வேலைய செய்யும்னு சொன்னாவ. இ.பி. வாய்தாவுக்கும் அம்மாவே நேர்ல போனாவ. ஜட்ஜு 20 ஆயிரம் கோர்ட்ல டெபாசிட் பண்ணச் சொல்லி இடைக்கால ஸ்டே குடுத்திருக்காரு, அக்காவும் நானும் சேந்து கட்டப் போறோம். எதிர்த்தரப்பு கவுண்டர் (நம்ம மனுவுக்கு பதில்) போட வாய்தா குடுத்திருக்காவ. மெஷின் வீட்லதான் ஓடுது.

அடுத்து என்னத்த கவனிக்கணும்?


நெல்லை_அட்வகேட்:

நல்ல சேதி. இனிமே ஒரே ஒரு விஷயம், இந்த மனுவே ஆளு வராம தள்ளுபடி ஆயிரக் கூடாது. 1998ல பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தின்னு நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, எக்ஸ்பார்ட்டி டிக்ரிய ரத்து பண்ணச் சொன்ன மனு கவனிக்காம தள்ளுபடி ஆகி, அத மறுபடி எடுக்கச் சொல்ல 883 நாள் தாமதம். கடைசில 10 ஆயிரம் செலவுத்தொகை கட்டச் சொல்லி சுப்ரீம் கோர்ட் தாமதத்த மன்னிச்சுது, எத்தன நாளுங்கிறத விட காரணம் நம்புற மாதிரி இருக்காங்கிறதுதான் முக்கியம்னு சொன்னாங்க. ஆனா அதுக்கு அந்த மனுஷன் டில்லி வரைக்கும் போக வேண்டி வந்துச்சு. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம், ஆப்ல வாய்தாவ வாராவாரம் பாத்துக்கிட்டே இருங்க.


பாளை_குமாஸ்தா:

டெபாசிட்ட கடைசி நாளு வரைக்கும் வச்சிருக்காத தம்பி, செலான் போட்டு பேங்க்ல கட்டி ரசீது கோர்ட்ல சேரதுக்கே ரெண்டு மூணு நாளு ஆகும், நடுவுல லீவு வந்துட்டா கண்டிஷன் மீறுனதாகி ஸ்டே போயிரும். எதிராளிக்கு நோட்டீஸ் பேட்டா (நோட்டீஸ் அனுப்புறதுக்கான கட்டணம்) கட்டியாச்சான்னும் மேடத்தோட குமாஸ்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, அந்தச் சின்ன காசு கட்டாம விட்டதுக்கே மனு தள்ளுபடி ஆகும். ரசீது ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ண அம்மாகிட்ட குடுத்து வை.